ஜாகாவின் இடது காது

முதலில் குடை விஷயத்தைச் சொல்லி முடித்துவிடுகிறேன். முந்தாநாள் செவ்வாய்க்கிழமை காலை, குவீன்ஸ்டவுனில் நம் அடுக்குமாடி புளோக்குக்குக் கீழே, வாத்தியார் தன் நாயை அடிக்க ஓங்கிய குடையைப் பிடுங்கி, முழங்காலில் வைத்து இரண்டாக முறித்து, லாங்காங் சாக்கடையில் வீசியது நான்தான். மறுக்கவில்லை. அறுபதைத் தாண்டியவள் செய்கிற வேலையா இது என்று நீங்கள் முணுமுணுத்ததும் காதில் விழுந்தது. என் காது நன்றாகத்தான் இருக்கிறது. முழங்கால்தான் அன்றிலிருந்து வீங்கிக் கிடக்கிறது.

வாத்தியாரிடம் மன்னிப்புக் கேட்கச் சொல்லி நம் காலைநடை குரூப்பில் ஆளுக்கொரு வரி எழுதியிருந்தீர்கள். கேட்கிறேன். நாலு வரியில் முடித்துவிடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. நீளமாகத்தான் வரும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படியுங்கள்.

அன்று என்ன நடந்தது என்பது உங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. வாத்தியாருடைய அந்தச் சின்னப் பழுப்பு நாய், சுருட்டை முடிக்காரன், பெஞ்சுக்கு அடியில் தலையைத் தரையில் தேய்த்துக்கொண்டிருந்தது. வாத்தியார் குனிந்து கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தார். நாய் பல்லைக் காட்டி உறுமியது. விடுமுறைக்கு வந்திருக்கும் அவருடைய பேத்தி பக்கத்தில் நின்றாள்.

“பாத்தீங்களா? ஒரு வாரமா இப்படித்தான்லா. இன்னிக்கு உறுமும், நாளைக்குக் கடிக்கும். வீட்டுல சின்னப் புள்ள இருக்கு. சனிக்கிழமை இதை நாய்க் காப்பகத்துல கொண்டுபோய் விட்டுட்டு வந்துடறேன்,” என்றார் வாத்தியார். சொல்லிக்கொண்டே குடையை ஓங்கினார்.

சனிக்கிழமைக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. அதனால்தான் இன்றே எழுதுகிறேன்.

நான் எந்த நாயைப் பார்த்தாலும் காதைத் தூக்கி மோந்து பார்ப்பதை நீங்கள் கேலி செய்வது தெரியும். எனக்கு வைத்திருக்கும் பட்டப்பெயரும் தெரியும். பரவாயில்லை. உங்கள் லட்சணம் மட்டும் என்னவாம்? ஒருவர் வெங்காயம் போட்ட வடையைப் பிட்டு நாய்க்குப் போடுகிறார், அது நாயின் ரத்தத்தையே கெடுக்கும் என்று பத்து தடவை சொல்லியாயிற்று. இன்னொருவர் கேசரியில் இருக்கும் உலர்திராட்சையைப் பொறுக்காமல் அப்படியே ஊட்டுகிறார், நாய்க்கு அது சிறுநீரகத்தைத் தின்னும் விஷம். நகம் தரையில் டக்டக்கென்று சத்தம் போடும்வரை வெட்டாமல் விடுகிறவர்களும் இருக்கிறீர்கள். இதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கிறேன். காது விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. ஏன் என்று ஒருவரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை.

எனக்கு அப்போது ஒன்பது வயது. கிராஞ்சியில் ஓர் ஆர்க்கிட் தோட்டத்துக்குள்ளேயே, தகரக் கூரை போட்ட பலகை வீட்டில் இருந்தோம். அப்பா, அம்மா, நான். தோட்டம் ஒரு சீனத் தவுக்கேயுடையது, முதலாளியை அப்படித்தான் கூப்பிடுவோம். அவர் மாதம் இரண்டு தடவை காரில் வந்து பூக்களைப் பார்த்துவிட்டுப் போவார். மற்ற நாளெல்லாம் மேற்பார்வை, மருந்தடிப்பு, காவல் எல்லாம் அப்பாதான். வேலை போனால் வீடும் போகும். அது அப்பாவின் மண்டைக்குள் எப்போதும் ஓடிக்கொண்டிருந்தது என்று இப்போது புரிகிறது. அப்போது புரிந்ததெல்லாம் அவருடைய கை மட்டும்தான்.

அப்பா குடிக்கமாட்டார். குடித்திருந்தால் குடிவெறியில் அடித்தார் என்று சொல்லிக்கொள்ளவாவது வழி இருந்திருக்கும். நல்ல தெளிவோடுதான் அடிப்பார். காலண்டர் மாட்டியிருந்த ஆணியிலேயே ரோத்தான் பிரம்பும் தொங்கும். அதை எடுக்கும்போது காலண்டர் ஆடும். காலண்டர் ஆடுகிற சத்தத்துக்கே நான் சுருண்டு உட்கார்ந்துகொள்வேன். அம்மாவுக்கு ரோத்தான் கிடையாது, அவளுக்குக் கைதான். ஒருமுறை குழம்பில் உப்பு கூடிப்போனதற்கு அவள் உதடு கிழிந்தது. ஊறுகாய்கூடத் தொட முடியாமல் நாலு நாள் வெறும் கஞ்சி குடித்தாள்.

அக்கம்பக்கமும் அப்படித்தான். வேலிக்கு அந்தப் பக்கம் பன்றிப் பண்ணை. விடியும்போது அங்கே பன்றிகளின் ஓலம் ஆரம்பித்தால் நான் தலையணையால் காதைப் பொத்திக்கொள்வேன். ஒருநாள் பண்ணை நாய்கள் ஆறேழு சேர்ந்து ஓர் உடும்பைத் துண்டு துண்டாகப் பிய்த்ததை வேலி ஓரமாக நின்று பார்த்தேன். கத்திக்கொண்டு வீட்டுக்கு ஓடினேன். கத்தியதற்கு அடி விழுந்தது.

ஜாகா வந்தது அந்த வருடம்தான். வெள்ளைக்காரச் சிப்பாய்கள் குடும்பம் குடும்பமாகத் தங்கள் ஊருக்குத் திரும்பிக்கொண்டிருந்த சமயம். நாற்காலி, விசிறி, குழந்தை வண்டி என்று கொண்டுபோக முடியாததையெல்லாம் விட்டுவிட்டுப் போனார்கள். நாய்களையும் விட்டுவிட்டுப் போனார்கள். அப்படி ஒன்றைத் தவுக்கே தன் காரின் பின்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்து இறக்கினார். தேன் நிறம். கால்களில்கூடப் பஞ்சுபோல முடி. காது இரண்டும் வெற்றிலை மாதிரி கன்னத்தின்மேல் தொங்கும். கழுத்தில் பித்தளைத் தகடு ஒன்று தொங்கியது. அதில் ஏதோ ஆங்கிலப் பெயர் பொறித்திருந்தது. அப்பா அதைக் கழற்றி எறிந்துவிட்டு, “காவலுக்கு வந்தவன். ஜாகான்னு கூப்பிடு, போதும்,” என்றார். காவல்காரனுக்கு எங்கள் ஊரில் அதுதானே பெயர். தகட்டை நான் எடுத்துக் கொஞ்ச நாள் பென்சில் டப்பாவில் வைத்திருந்தேன். பிறகு எங்கே போனது என்று தெரியவில்லை.

அந்தக் காதுதான் எங்களுக்குப் புதிது. கிராஞ்சியில் நாங்கள் பார்த்த நாய்க்கெல்லாம் காது விறைத்துக்கொண்டு நிற்கும், காற்று உள்ளே போய் வரும், மழையில் நனைந்தாலும் இரண்டு உதறலில் காய்ந்துவிடும். தொங்கும் காது வேறு சாதி. மூடி போட்ட பாத்திரம்போல ஈரம் உள்ளேயே தங்கிவிடும். அதைத் தூக்கித் துடைக்க வேண்டும், குளிப்பாட்டினால் உலர்த்த வேண்டும், வாரத்துக்கு ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. எங்கள் ஜாகாவுக்கோ குளம் என்றால் உயிர். செடிக்குத் தண்ணீர் எடுக்கும் குளத்தில் ஒரு நாளைக்கு மூன்று முறை குதிக்கும்.

காவல் காக்க அதற்குத் தெரியாது. ஒரு நாள் உச்சிவெயிலில் இரண்டு பேர் வேலியை வெட்டிக்கொண்டு வந்து பூத்தொட்டிகளைச் சாக்கில் கட்டினார்கள். அப்பா இரும்புக் குழாயோடு ஓடினார். ஒருவன் தப்பிவிட்டான். மற்றவன் கையைத் தலைக்கு மேல் வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்தான். அப்பா அந்தக் கையிலேயே அடித்தார். எலும்பு முறிகிற சத்தம் காய்ந்த சுள்ளி முறிகிற சத்தம்தான். ஜாகா ஓடிப்போய், அழுதுகொண்டிருந்த அந்தத் திருடனின் முகத்தை நக்கியது.

தவுக்கே இதைக் கேட்டுச் சிரித்தார். அப்பாவுக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. அன்றிலிருந்து ஜாகாவுக்குப் பாடம் ஆரம்பமானது. சங்கிலியில் கட்டிவைத்து, முகத்தில் சாக்கை வீசி வீசி அடிப்பார். அடித்தால் கோபம் வரும், கோபம் வந்தால் காவல் காக்கும் என்பது அவர் கணக்கு. ஜாகாவுக்குக் கோபம் வரவில்லை. முதல் அடி விழுந்ததும் வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்துவிடக் கற்றுக்கொண்டது. என்னைப் போலத்தான். நானும் அடி விழும்போது ஓடமாட்டேன். ஓடினால் இன்னும் கூடுதலாக விழும்.

பாய் மாமாவைச் சொல்ல வேண்டும். தேக்காவில் மளிகைக் கடை வைத்திருந்தவர். நாகூர்ப் பக்கம் பூர்வீகம், ஆனால் அவர் அப்பா காலத்திலேயே இங்கே வந்து வேர் பிடித்த குடும்பம். ஞாயிற்றுக்கிழமை தோறும் பழைய வேனில் அரிசி, பருப்பு, கருவாடு ஏற்றிக்கொண்டு எங்களைப் போலத் தூரத்தில் கிடக்கிற தமிழ்க் குடும்பங்களுக்குக் கொண்டுவருவார். வேனை நிறுத்தியதும் இறங்காமலே, “பாப்பா, ஜாகாவைப் புடிச்சுக் கட்டும்மா,” என்பார். நாயின் எச்சில் பட்டால் தொழுகைக்குமுன் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணால் கழுவ வேண்டும் என்று அம்மாதான் எனக்குச் சொல்லியிருந்தாள். அவர் வரும்போது ஜாகாவைக் கட்டுவது என் வேலை. கருவாட்டு வாசனைக்கு அது சங்கிலியோடு துள்ளும்.

டிசம்பர் விடுமுறை. விடாத மழை. துணி காயவில்லை, விறகு காயவில்லை, ஜாகாவும் காயவில்லை. தலையை உதறிக்கொண்டே இருந்தது. பிறகு இடது பக்கமாகத் தலையைச் சாய்த்தே நடந்தது. காதைத் தரையில் தேய்த்துத் தேய்த்து முனகும். பின்னங்காலால் சொறிந்து, நகத்தில் ஒட்டியதை நக்கும். காதுக்குள்ளிருந்து ஒரு வாசனை வந்தது. ஆட்டி வைத்து மூன்று நாள் மறந்துபோன இட்லி மாவைத் திறந்தால் ஒரு வாசனை வருமே, அது. அந்த வாசனையை நான் இன்றுவரை மறக்கவில்லை.

அப்பா கழுத்தைப் பிடித்தால் சீற ஆரம்பித்தது. “இப்பத்தான் ரோஷம் வருது. அதுவும் சோறு போடறவன் மேல,” என்று எட்டி உதைத்தார். உதை விழுந்தது அதே இடது பக்கம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பாய் மாமா வந்தபோது ஜாகா துள்ளவில்லை. சேற்றில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அவர் பருப்பு மூட்டையை இறக்கிவைத்துவிட்டு, தூரத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு சட்டைக் கையை மடித்துக்கொண்டு கிட்டே வந்தார்.

“வாயை மட்டும் புடிச்சுக்க பாப்பா. மெதுவா. அழுத்தாதே.”

நான் பிடித்துக்கொண்டேன். அவர் குந்தி உட்கார்ந்து, வெறும் கையால் அந்த ஈரக் காதைத் தூக்கினார். உள்ளே சிவந்த பச்சைப் புண். கறுப்பும் மஞ்சளுமாக அழுக்கு. ஜாகா அலறியது, ஆனால் கடிக்கவில்லை. அவர் குனிந்து மோந்து பார்த்தார்.

“தம்பி, இங்க வாங்க,” என்று அப்பாவைக் கூப்பிட்டார். “சீழ் வச்சிருக்கு. உள்ள வெந்து போய்க் கிடக்கு. அதான் தொட்டா சீறுது. எங்க ஊர்ல ஆட்டுக்கு இப்படி வரும். அடிக்காதீங்க. எண்ணெய் கிண்ணெய் ஒண்ணும் ஊத்தாதீங்க, இன்னும் புழுங்கிப் போவும். டவுன்ல மிருக டாக்டர்கிட்ட வேலை பாக்குற பையன் ஒருத்தன் நம்ம கடைக்கு வருவான். கேட்டு அடுத்த வாரம் மருந்து வாங்கியாறேன்.”

“சரிங்க பாய்,” என்றார் அப்பா.

பாய் மாமா என்னிடம் பப்பாளி மரத்தடியிலிருந்து சுத்தமான மண் ஒரு கை கேட்டார். குழாயடியில் நின்று முதல் தடவை மண்ணைப் பூசிக் கழுவினார். பிறகு ஆறு தடவை தண்ணீர். நான் பக்கத்தில் நின்று எண்ணினேன். “உங்களுக்குத்தானே மாமா கஷ்டம்,” என்றேன். “இதுல என்னம்மா கஷ்டம்? கழுவிக்கலாம்ல. அதுக்குத்தானே தண்ணி,” என்று கையை உதறிவிட்டு வேனில் ஏறினார்.

வேன் திரும்பியதும் அப்பா சிரித்தார். “பாய்க்கு நாயைப் பத்தி என்னடி தெரியும்? ஆட்டைப் பத்திக் கேளு, பிரியாணிவரைக்கும் சொல்லுவாரு.” அம்மா சிரித்தாள். அப்பா சிரிக்கும் நேரம் எங்கள் வீட்டில் அபூர்வம், அதனால் நானும் சிரித்தேன். அந்தத் தோட்டத்தில் நாயைப் புரிந்துகொண்ட ஒரே மனுஷர், நாயைத் தொடாதவர் என்று நாங்கள் முடிவுகட்டி வைத்திருந்தவர்தான். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் என் வாயிலேயே போட்டுக்கொள்ளத் தோன்றும்.

வியாழக்கிழமைவரை பொறுத்திருந்தேன். ஜாகா சாப்பிடுவதை நிறுத்தியிருந்தது. நீல விளிம்பு போட்ட எனாமல் தட்டில் சோறு மழைத்தண்ணீரில் மிதந்தது. அன்று காலை மருந்து டின்னுக்குப் பக்கத்தில் படுத்திருந்ததற்காக அப்பா அதன் தலையில் செருப்பால் அடித்தார். அது போட்ட சத்தம் என் பல்லுக்குள் போய்க் கூசியது. அடுத்த ஞாயிறு ரொம்பத் தூரத்தில் இருப்பதாகப் பட்டது.

எனக்குக் காது வலித்தால் அம்மா என்ன செய்வாள்? நல்லெண்ணெயில் இரண்டு பல் பூண்டைத் தட்டிப் போட்டுக் காய்ச்சி, ஆறவைத்து, புறங்கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்து, காதில் விடுவாள். உங்கள் அம்மாக்களும் விட்டிருப்பார்கள். ஒன்றும் ஊற்றாதே என்று பாய் மாமா சொன்னது எனக்கு நினைவிருந்தது. ஆனால் அம்மாவின் எண்ணெய் எனக்கு வலியைப் போக்கியிருக்கிறதே. பாய் மாமாவுக்கு இது தெரியாது என்று நானும் நினைத்தேன். அப்பாவின் மகள்தானே.

மண்ணெண்ணெய் அடுப்பை நான் தொடக்கூடாது. அதற்கு முன்னால் ஒருமுறை தொட்டுத் திரைச்சீலை கருகியபோது என் தொடையில் ரோத்தான் விழுந்த தழும்பு அப்போதும் இருந்தது. அம்மா பூக்கட்டும் கொட்டகையில் இருந்தாள். அப்பா கடைசி வரிசையில் மருந்தடித்துக்கொண்டிருந்தார். பித்தளைக் குழிக்கரண்டியில் எண்ணெயை விட்டு, பூண்டைப் போட்டு, அது பொரிகிறவரை பிடித்தேன். அவசரம். அணைத்ததும் அப்படியே எடுத்துக்கொண்டு ஓடினேன். புறங்கையில் விட்டுப் பார்க்க மறந்துபோனேன்.

ஜாகா என்னைப் பார்த்து வாலை ஆட்டியது. நான் அதன் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். காதைத் தூக்கினேன். கரண்டியைக் கவிழ்த்தேன்.

அது அலறியதை எழுதத் தெரியவில்லை. பன்றிப் பண்ணைச் சத்தமெல்லாம் அதற்குமுன் ஒன்றுமில்லை. மறு நொடி என் முன்கை அதன் வாய்க்குள் இருந்தது. பல் உள்ளே இறங்கியதை எலும்பில் உணர்ந்தேன். ஒரே ஒரு கடி. தானாகவே விட்டுவிட்டது. சுவரில் மோதி, விழுந்து, சுற்றி, மறுபடி விழுந்தது. நான் கத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கையிலிருந்து ரத்தம் முழங்கைவரை வழிந்தது. அப்போது அது தள்ளாடிக்கொண்டே திரும்பி வந்தது. காதிலிருந்து எண்ணெய் சொட்டச் சொட்ட, என் கையை நக்க ஆரம்பித்தது.

அப்பா ஓடிவந்தபோது பார்த்தது அதைத்தான். என் ரத்தம். அதன் வாய்.

கரண்டியை நான் அதற்குள் செடிப்பலகைக்கு அடியில் தள்ளிவிட்டிருந்தேன். யோசித்துச் செய்யவில்லை. கை தானாகச் செய்தது.

“என்னடி பண்ணினே?” அப்பா கையில் மருந்தடிக்கும் குழாய் இருந்தது. இரும்புக் குழாய்.

“ஒண்ணும் பண்ணலப்பா. சும்மாதான் நின்னேன். அதுவா வந்து கடிச்சிருச்சு.”

அவ்வளவுதான் நான் சொன்னது.

“வெறி புடிச்சிருக்கு. நான் நெனச்சேன். தலையைச் சாய்ச்சு நடக்கும்போதே நெனச்சேன்,” என்றார் அப்பா. அவர் பிறந்த ஊரில் சின்ன வயதில் வெறிநாய் கடித்துச் செத்த ஒருவனைப் பார்த்திருக்கிறார். அவன் தண்ணீரைக் கண்டு ஊளையிட்டதை எங்களுக்குப் பலமுறை சொல்லியிருக்கிறார். சிங்கப்பூரில் வெறிநோய் ஒழிந்து பல வருடமாகியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்த நேரத்தில் காதில் ஏறியிருக்காது.

அம்மா வந்து என்னை உள்ளே தூக்கிக்கொண்டு போனாள். காயத்தைக் கழுவக் குனிந்தவள் நின்றாள். என் உள்ளங்கையை மூக்கருகே கொண்டுபோனாள். பூண்டு. அடுப்பைத் திரும்பிப் பார்த்தாள். திரி இன்னும் புகைந்துகொண்டிருந்தது. என் முகத்தைப் பார்த்தாள். பிறகு நீல பார் சோப்பை எடுத்து என் கையைத் தேய்த்தாள். மோந்து பார்த்தாள். மறுபடி தேய்த்தாள். காயத்தில் சோப்பு பட்டு நான் துடித்தேன். வாயை இன்னொரு கையால் பொத்திவிட்டுத் தேய்த்தாள்.

“அப்பா எத்தனை தடவை கேட்டாலும் அதையே சொல்லு,” என்றாள். குழாய் அப்பா கையில் இருந்தது. நாயா நானா என்று அவள் ஒரு நொடியில் முடிவு செய்துவிட்டாள். அவளை நான் குறை சொல்லமாட்டேன்.

பலகை இடுக்கு வழியாகப் பார்த்தேன். அப்பா ஜாகாவைச் சங்கிலியோடு குளத்தோரம் இழுத்துக்கொண்டு போனார். முதல் அடி முதுகில். ஜாகா ஓடவில்லை, திருப்பிக் கடிக்கவில்லை. பழக்கப்படுத்தியிருந்தாரே, வயிற்றைத் தரையில் அழுத்திப் படுத்துக்கொண்டது. வால் ஆடியதா என்று கேட்காதீர்கள். ஏழு வரைக்கும் எண்ணினேன். அதற்குமேல் எண்ண முடியவில்லை.

எல்லாம் முடிந்து அப்பா உள்ளே வந்தபோது அவர் சட்டையில் தேன் நிற முடி ஒட்டியிருந்தது. என்னைத் தூக்கினார். அதற்குமுன் அவர் என்னைத் தூக்கியதாக எனக்கு நினைவே இல்லை. மழையில் மெயின் ரோடுவரை தோளில் போட்டுக்கொண்டு ஓடினார், ஒரு லாரியைக் குறுக்கே நின்று நிறுத்தினார். “என் புள்ள, என் புள்ள,” என்று அழுதார். கிளினிக்கில் தையல் போட்டவர் இந்த ஊரில் வெறிநாய் கிடையாது என்று சொன்னார். அப்பா அவரோடு சண்டைக்குப் போனார். நான் அவர் தோளில் முகம் வைத்திருந்தேன். அந்தத் தோள் சூடாக, பாதுகாப்பாக இருந்தது. இதைச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது.

அதற்குப் பிறகு அப்பா என்னை அடிக்கவே இல்லை. அம்மாவை அடித்தார். என்னை அடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வேன் வந்தது. “பாப்பா, ஜாகாவை...” என்று ஆரம்பித்தவர் என் கைக்கட்டைப் பார்த்து நிறுத்தினார். சட்டைப் பையிலிருந்து பழுப்புக் கண்ணாடிப் புட்டி ஒன்றை எடுத்திருந்தார். ரப்பர் மூடியில் சொட்டுக்குழாய் வைத்த சின்னப் புட்டி.

“வெறி புடிச்சிருச்சு பாய். புள்ளையக் கடிச்சிருச்சு. முடிச்சுட்டேன்,” என்றார் அப்பா.

பாய் மாமா குளத்துப் பக்கம் பார்த்தார். பிறகு என் உயரத்துக்குக் குனிந்தார். “காதைத் தொட்டியாம்மா? வலியில கடிச்சிருக்கும். அதான் கேக்குறேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. சொல்லியிருக்கலாம். அப்பா இரண்டடி தள்ளி நின்றார்.

“இல்ல மாமா,” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். “காலையில ரெண்டு சொட்டு, ராத்திரி ரெண்டு சொட்டு. ஒரு வாரத்துல சரியாயிடும்னு சொன்னான் அந்தப் பையன்,” என்று யாருக்கோ சொல்வதுபோலச் சொல்லிவிட்டு, புட்டியை என் கையில் வைத்தார். “வச்சுக்க. வேற நாய் வரும்ல.”

தோட்டத்தில் இருந்தவரை வேறு நாய் வரவில்லை. தோட்டத்தை விட்டு குவீன்ஸ்டவுன் வீட்டுக்கு மாறியபோது அந்தப் புட்டி எந்தப் பெட்டியில் போனதோ, கிடைக்கவில்லை. குழிக்கரண்டி செடிப்பலகைக்கு அடியிலேயே கிடந்திருக்கும். அம்மா அதைத் தேடவே இல்லை.

அப்பா இறந்துபோன வருடத்தைச் சொல்லி முடிக்கிறேன். ஆஸ்பத்திரியில் கடைசி வாரம். கை எலும்பும் தோலுமாக இருந்தது. அந்தக் கையால் என் முன்கைத் தழும்பைத் தடவினார்.

“நான் உங்களுக்கெல்லாம் நல்லது ஒண்ணும் பண்ணல. தெரியும். ஆனா அந்த நாய் உன்னைக் கடிச்சப்போ, விட்டேனா? உனக்காக நின்னேன்ல?”

“ஆமாப்பா,” என்றேன். சாகப் போகிறவரிடம் அவர் வைத்திருந்த ஒரே நல்ல காரியத்தையும் எப்படிப் பிடுங்குவது? மூன்றாவது தடவையாகப் பொய் சொன்னேன். அந்தப் பொய்யோடு அவர் போனார்.

இப்போது வாத்தியாருக்கு.

சார், குடைக்கு மன்னிப்புக் கேட்கிறேன். எனக்கும் அப்பாவின் கைதான் வாய்த்திருக்கிறது, அதை அடக்கத் தெரியாமல் போய்விட்டது. புதுக் குடை வாங்கித் தருகிறேன். ஆனால் உங்கள் நாயின் வலது காதில் அதே புளித்த வாசனை வருகிறது. பெஞ்சுக்கு அடியில் குனிந்தபோது எனக்கு அடித்தது. அது கெட்ட நாய் இல்லை. வலி தாங்காத நாய். உறுமுவது அதன் கடைசி வார்த்தை, அதையும் அடித்து நிறுத்திவிட்டால் பிறகு சொல்லாமல்தான் கடிக்கும். எண்ணெய் விடாதீர்கள், பஞ்சுக் குச்சியால் நோண்டாதீர்கள். நாளை காலை பத்து மணிக்கு என் நாயைப் பார்க்கும் டாக்டரிடம் நேரம் வாங்கியிருக்கிறேன். நானே கூட்டிப் போகிறேன். உள்ளே என்ன கிருமி என்று பார்த்துச் சொட்டு மருந்து கொடுப்பார். பாய் மாமா சொன்ன மாதிரிதான், அநேகமாக ஒரு வாரம், இரண்டு வாரம்.

இன்னும் ஒன்று. இதை நீங்கள் கவனிக்கவில்லை, நான் கவனித்தேன். சனிக்கிழமை கொண்டுபோய் விடுகிறேன் என்று சொல்லி நீங்கள் குடையை ஓங்கியபோது, உங்கள் பேத்தி இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டாள். யாரும் அவளை ஒன்றும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள்: “நான் ஒண்ணும் பண்ணல தாத்தா. சும்மாதான் நின்னேன்.”

அப்போதுதான் நான் குடையைப் பிடுங்கினேன்.

டாக்டரிடம் போவதற்குமுன் அவளிடம் கேளுங்கள் சார். காதில் ஏதாவது விட்டாயா என்று மெதுவாகக் கேளுங்கள். அவள் நாய்க்கு நல்லது செய்யத்தான் நினைத்திருப்பாள். கேட்கும்போது கையில் எதையும் வைத்திருக்காதீர்கள்.